கறவைப் பசுவும் நொதிப் பொருளும்

பசு புல்லைத் தின்கிறது, பாலைத் தருகிறது. அன்றாடம் காணும் காட்சியாதலால் இதில் வியப்பு ஏதும் இருப்பதாக நாம் எண்ணுவதில்லை. ஆயினும் அதே புல்லை மனிதன் உண்டால் அவன் உடலுக்கு அதனால் வலிமை சேர்வதில்லை. நெல்லும் ஒருவகைப் புல்லே. அதன் மணி நமக்கு உணவாகிறது. அதன் தாளாகிய வைக்கோல் நமக்கு உணவாவதில்லை. ஒரே பயிரின் மணியை உண்டு செரிக்கும் நமக்கு அதன் தாளைச் செரிக்க இயலாமற் போனது ஏன்? நம்மால் இயலாதது பசுவால் மட்டும் எங்ஙனம் இயல்கிறது?

இவ்வினாக்களுக்குரிய விடை 'நொதி' என்னும் ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது. அச்சொல் இன்று ஆராய்ச்சிக்கூடத்தைக் கடந்து மாட்டுத் தொழுவத்திற்கும் வந்துவிட்டது. 'நொதி சேர்ந்தது' என்று அச்சிட்ட தீவனப் பைகளும், தீவனத்தில் கலப்பதற்கென்று தனியே விற்கும் நொதித் தூள்களும் நீர்மங்களும் உலகின் பல நாடுகளில் கிடைக்கின்றன. இவற்றைச் சேர்த்தால் பால் பெருகும் என்பது விற்போர் கூற்று. நாலைந்து மாடுகளை வைத்துப் பிழைக்கும் குடும்பத்திற்கு இது சிறிய செலவன்று. ஆகவே அக்கூற்று எவ்விடத்தில் உண்மையாகும், எவ்விடத்தில் ஆகாது என்பதைத் தெளிவாக அறிந்துகொள்ளுதல் நலம்.

நொதி என்பது யாது?

அரைத்து வைத்த மாவு பொங்கிப் புளிப்பதையும், பானையிலுள்ள கள் நுரைப்பதையும் நாம் நொதித்தல் என்கிறோம். அத்தகைய மாற்றங்களைச் செய்விக்கும் பொருளுக்கு நொதி என்ற பெயர் பொருத்தமாக அமைந்தது. மேனாட்டார் வழங்கும் 'என்ஸைம்' என்ற சொல்லும் இதே கருத்தில் பிறந்ததுதான். 'புளித்த மாவினுள் இருப்பது' என்ற பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து அதனை 1870களின் பிற்பகுதியில் ஆக்கியவர் வில்ஹெல்ம் கூனே என்ற ஜெர்மானிய அறிஞர்.

நொதியின் வேலையை அறிவதற்கு ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை, வகுப்பறையே போதும். ஒரு வாய்ச் சோற்றை விழுங்காமல் சில நிமிடங்கள் மென்றுகொண்டே இருக்குமாறு மாணவர்களிடம் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் சுவையற்றிருந்த சோறு சிறிது சிறிதாக இனிக்கத் தொடங்கும். சோற்றிலுள்ள மாப்பொருளை உமிழ்நீரில் உள்ள ஒரு நொதி உடைத்துச் சர்க்கரையாக்குவதே அவ்வினிப்பிற்குக் காரணம்.

இத்தகைய நொதியை முதன்முதலாகப் பிரித்தெடுத்தவர்கள் பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த பாயென், பெர்சோ என்ற இருவர். முளைத்த வாற்கோதுமையிலிருந்து மாப்பொருளைக் கரைக்கும் ஒரு பொருளை 1833ஆம் ஆண்டில் அவர்கள் எடுத்துக் காட்டினர். உயிருள்ள அணுக்கள் இருந்தால்தான் நொதித்தல் நிகழும் என்று பலர் நம்பியிருந்த காலத்தில், 1897இல், எட்வர்ட் பூக்னர் என்ற ஜெர்மானியர் ஈஸ்டை நசுக்கிப் பிழிந்த சாறே சர்க்கரையை நொதிக்கச் செய்யும் என்று மெய்ப்பித்தார். 1907ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. 1926இல் அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் சம்னர், அவரை இனத்து விதை ஒன்றிலிருந்து ஒரு நொதியைப் படிகமாக எடுத்து, நொதி என்பது ஒரு புரதமே என்று காட்டினார்.

நொதியின் இயல்புகளுள் மூன்றை நினைவிற் கொண்டால் பின்வரும் செய்திகள் எளிதில் விளங்கும். முதலாவது, ஒரு நொதி ஒரு வகைப் பொருளின்மீதே செயற்படும். எமில் பிஷர் என்ற அறிஞர் 1894இல் இதனைப் பூட்டுக்கும் சாவிக்கும் ஒப்பிட்டார். இரண்டாவது, நொதி புரதமாதலின் மிகுந்த வெப்பத்தில் கெட்டுவிடும்; தனக்கேற்ற சூடும் புளிப்பும் உள்ள இடத்திலேயே அது நன்கு வேலை செய்யும். மூன்றாவது, நொதி ஓர் உணவன்று. அது உணவை உடைக்கும் கருவியே. உடைப்பதற்கு உணவில்லாத இடத்தில் நொதியினால் விளைவது ஒன்றுமில்லை.

ஒரே சர்க்கரை, இருவேறு கட்டு

அரிசியின் மாப்பொருளும் வைக்கோலின் செல்லுலோஸும் அடிப்படையில் வேறுவேறு பொருள்களால் ஆனவை அல்ல. இரண்டும் குளுக்கோஸ் என்னும் சர்க்கரை அணுத்திரள்கள் சங்கிலியாகக் கோத்தவையே. ஆனால் அவை இணைந்த விதம் வேறு. எழுத்துகள் ஒன்றாயினும் அவை புணரும் முறையால் சொல்லும் பொருளும் வேறாகின்றன அல்லவா? அதுபோன்றே மாப்பொருளின் இணைப்பை அவிழ்க்கும் நொதி நம் உமிழ்நீரிலும் குடலிலும் இருக்கிறது. செல்லுலோஸின் இணைப்பை அவிழ்க்கும் நொதி நம்மிடம் இல்லை.

வியப்பு என்னவெனில், அந்நொதி பசுவின் உடலிலும் சுரப்பதில்லை. புல் தின்பதற்கென்றே பிறந்தது போலத் தோன்றும் பசு, புல்லைச் செரிக்கும் நொதியைத் தானாக ஆக்க வல்லதன்று. அவ்வேலைக்கு அது வேற்றுயிர்களைத் தன் வயிற்றில் குடியமர்த்தியிருக்கிறது.

நான்கு அறை கொண்ட வயிறு

பசுவின் வயிறு நான்கு அறைகளை உடையது. முதல் அறை மிகப் பெரியது. வளர்ந்த பெரிய பசுவில் அது 100 லிட்டருக்கு மேல் கொள்ளும். இரண்டாவது அறையின் உட்சுவர் தேன்கூட்டைப் போன்றது. மூன்றாவது அறையில் புத்தகத்தின் ஏடுகளைப் போன்ற மடிப்புகள் உள்ளன. நான்காவது அறையே நமது இரைப்பையைப் போல் அமிலம் சுரந்து புரதத்தைச் செரிப்பது.

முதல் அறையைச் செரிக்கும் வயிறு என்பதினும் நொதிக்கும் தொட்டி என்பது பொருந்தும். ஏறத்தாழ 39 பாகை செல்சியஸ் வெப்பமும், மிகச் சிறிதளவே காற்றும் உள்ள அவ்விருட்டறையில் எண்ணற்ற நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அதன் நீரில் ஒரு மில்லி லிட்டரில் மட்டும் ஆயிரம் கோடிக்குக் குறையாத பாக்டீரியாக்கள் இருக்கும். அவற்றினும் பெரிய ஓரணு உயிர்களும் அங்கே நீந்துகின்றன. அவற்றை 1843இலேயே குரூபி, டெலபான் என்ற இருவர் கண்டு எழுதினர். 1975இல் இங்கிலாந்தின் ஆர்பின் என்ற ஆராய்ச்சியாளர், காற்றின்றி வாழும் பூஞ்சைகளும் அங்கே உள்ளன என்று காட்டினார். இந்த உலகத்தை முறையாக ஆராய்வதற்கு வழி வகுத்த பெருமை அமெரிக்கரான ராபர்ட் ஹங்கேட்டைச் சாரும். காற்றுப் பட்டால் மடிந்துவிடும் பாக்டீரியாக்களை வளர்த்துப் பார்க்கும் முறையை அவர் வகுத்தார். அவருடைய பெருநூல் 1966இல் வெளிவந்தது.

இந்நுண்ணுயிர்கள் செல்லுலோஸை உடைக்கும் நொதிகளைச் சுரக்கின்றன. உடைந்து வரும் சர்க்கரையைப் பசுவுக்கு விட்டுவைப்பதில்லை, தாமே உண்டுவிடுகின்றன. உண்டபின் அவை கழிக்கும் அசிட்டிக், புரோப்பியானிக், பியூட்டிரிக் ஆகிய அமிலங்களே பசுவுக்கு உணவு. பசுவிற்குத் தேவையான ஆற்றலின் பெரும்பகுதி இவ்வமிலங்களிலிருந்து வருகிறது. அசிட்டிக் அமிலம் பாலின் கொழுப்பாக மாறுகிறது. புரோப்பியானிக் அமிலம் ஈரலில் குளுக்கோஸாகி, பின்னர் மடியில் பாற்சர்க்கரையாகிறது. பாற்சர்க்கரை எவ்வளவு சுரக்கிறதோ அதற்கேற்பவே மடிக்குள் நீர் இழுக்கப்படுவதால், பாலின் அளவு அதனைப் பொறுத்து அமைகிறது. பெருகிய நுண்ணுயிர்கள் உணவோடு கீழிறங்கி நான்காவது அறையில் செரிக்கப்பட்டுப் புரதமாகவும் பயன்படுகின்றன. ஆதலின் பசுவுக்குத் தீவனம் இடுவது என்பது முதலில் அதன் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்களுக்கு உணவிடுவதேயாகும்.

நுண்ணுயிர் இருந்தும் நொதி எதற்கு?

இங்கே ஓர் ஐயம் எழும். நொதி சுரக்கும் நுண்ணுயிர்கள் கோடானுகோடி ஏற்கனவே வயிற்றில் இருக்கும்போது, வெளியிலிருந்து சிட்டிகையளவு நொதியைக் கொண்டுவந்து சேர்ப்பதால் என்ன ஆகும்? கடலில் கரைத்த பெருங்காயம் ஆகாதா?

ஐயம் நியாயமானதே. ஆயினும் பசுவின் வயிறு எவ்வளவு திறமையுடையதாயினும் புல்லின் நார்ப்பொருள் முழுவதையும் அது செரித்துவிடுவதில்லை. நல்ல தீவன நிலையிலுங்கூட நார்ப்பொருளில் மூன்றில் ஒரு பங்கும் அதற்கு மேலும் செரிக்காமல் சாணத்தோடு வெளியேறுவதுண்டு. இதற்குக் காரணங்கள் மூன்று.

ஒன்று, லிக்னின் என்னும் பொருள். புல் முற்ற முற்ற அதன் அணுச்சுவரில் இப்பொருள் ஏறி, செங்கற் சுவருக்குச் சுண்ணாம்புச் சாந்து போல் செல்லுலோஸை இறுகப் பற்றிக்கொள்கிறது. காற்றில்லாத வயிற்றறையில் லிக்னினை உடைக்க முடிவதில்லை.

இரண்டு, காலம். நுண்ணுயிர் முதலில் நார்த்துணுக்கின் மேல் ஒட்டவேண்டும். பின்னரே உடைக்கத் தொடங்கும். மிகுதியாகப் பால் கறக்கும் பசு மிகுதியாகத் தின்கிறது. அதனால் தீவனம் விரைந்து வயிற்றைக் கடந்து செல்கிறது. நுண்ணுயிர் தன் வேலையை முடிக்குமுன் உணவு கைநழுவிப் போகிறது.

மூன்று, புளிப்பு. தவிடு, தானிய மாவு முதலிய அடர்தீவனம் மிகும்போது வயிற்றில் அமிலம் விரைவில் பெருகுகிறது. அசைபோடும்போது ஊறும் உமிழ்நீர் நாளொன்றுக்கு 100 லிட்டர் அளவில் இறங்கி அப்புளிப்பைத் தணிக்கிறது. அதுவும் போதாமற் போனால், நாரை உடைக்கும் பாக்டீரியாக்கள் சோர்ந்துவிடுகின்றன.

இம்மூன்றனுள் முதற் காரணத்தை நொதித் தூளால் வெல்ல இயலாது. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் அது ஓரளவு துணை செய்யக்கூடும். சேர்க்கும் நொதியின் பயனும் எல்லையும் இவ்வளவே.

கூடாரத்தைத் தின்ற பூஞ்சை

கடைகளில் விற்கும் நார்ச்சிதைவு நொதிகள் பெரும்பாலும் பூஞ்சைகளிலிருந்து எடுக்கப்படுபவை. அவற்றுள் புகழ்பெற்ற ஒன்றின் வரலாறு சுவையானது. இரண்டாம் உலகப் போரின்போது தென் பசிபிக் தீவுகளில் தங்கிய அமெரிக்கப் படையினரின் பருத்திக் கூடாரங்களும் உடைகளும் வியக்கத்தக்க விரைவில் மக்கிப் போயின. பருத்தி என்பது ஏறக்குறையத் தூய செல்லுலோஸ். அதனை உடைக்கும் ஏதோ ஓர் உயிர் அங்கே இருந்தாக வேண்டும் என்று படைத்துறையின் ஆய்வாளர்கள் தேடினர். சாலமன் தீவுக் கூட்டத்தில் கிடைத்த மக்கிய கூடாரத் துணியிலிருந்து ஒரு பூஞ்சையைப் பிரித்தெடுத்தனர்.

எல்வின் ரீஸ், மேரி மாண்டல்ஸ் ஆகியோர் அமெரிக்காவின் நேடிக் நகரத்துப் படைத்துறை ஆய்வுக்கூடத்தில் இப்பூஞ்சையைப் பல்லாண்டு ஆராய்ந்தனர். துணியைக் காப்பதற்குத் தொடங்கிய ஆராய்ச்சி, செல்லுலோஸை உடைக்கும் வழியை அறியும் ஆராய்ச்சியாக வளர்ந்தது. ஒரே நொதி அன்றிப் பல நொதிகள் கூட்டாகச் சேர்ந்தே செல்லுலோஸை உடைக்கின்றன என்ற தெளிவும் பிறந்தது. 1977இல் அப்பூஞ்சைக்கு ரீஸைச் சிறப்பிக்கும் வகையில் 'டிரைக்கோடெர்மா ரீஸி' என்று பெயரிட்டனர். கூடாரத்தை அழித்த அதே பூஞ்சையின் வழித்தோன்றல்கள் இன்று தொட்டிகளில் வளர்க்கப்பட்டு, துணித்தொழிலுக்கும் கால்நடைத் தீவனத்திற்கும் நொதி தருகின்றன. பகையாகக் கண்டதைப் பயனாக மாற்றுவது அறிவின் இயல்பு.

கோழிக்குப் பொருந்தியது பசுவுக்குப் பொருந்துமா?

தீவன நொதி முதலில் வெற்றி பெற்றது கோழியிடத்திலேயாகும். வாற்கோதுமையில் உள்ள ஒருவகைப் பசைப்பொருள் கோழியின் குடலில் கூழாகி, செரிமானத்தைத் தடுத்துவிடும். அப்பசையை உடைக்கும் நொதியைச் சேர்த்தால் குஞ்சுகள் நன்கு வளர்கின்றன என்று 1950களில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கண்டனர். கோழிக்கும் பன்றிக்கும் பசுவைப் போன்ற நொதித்தொட்டி இல்லை. ஆகவே இல்லாத கருவியை வெளியிலிருந்து தருவது அவற்றிற்குத் தெளிவான நன்மை.

இவ்வேறுபாட்டிற்கு மற்றோர் எடுத்துக்காட்டும் உண்டு. தானியங்களிலும் பிண்ணாக்கிலும் உள்ள பாஸ்பரஸின் பெரும்பகுதி பைட்டேட் என்ற பூட்டிய நிலையில் இருக்கிறது. அப்பூட்டைத் திறக்கும் பைட்டேஸ் என்னும் நொதி 1990களிலிருந்து பன்றி, கோழித் தீவனங்களில் பரவலாகச் சேர்க்கப்படுகிறது. பசுவின் வயிற்று நுண்ணுயிர்களோ பைட்டேஸைத் தாமே ஆக்கிக்கொள்கின்றன. எனவே கோழிப்பண்ணையில் பலன் தந்த தூள் தொழுவத்திலும் பலன் தரும் என்று கொள்வது பிழை. நொதி சேர்ந்தது என்ற பெயர் ஒன்றுபோல் இருந்தாலும், எந்த நொதி, எந்த உயிருக்கு என்ற வினா முன்னிற்க வேண்டும்.

ஆராய்ச்சிகள் காட்டுவன

மாட்டுத் தீவனத்தில் நொதி சேர்க்கும் முயற்சியும் புதியதன்று. 1960ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் வைஸ் பரோஸ் குழுவினர் இறைச்சி மாடுகளுக்கு நொதி கொடுத்துப் பார்த்து முடிவுகளை வெளியிட்டனர். அக்காலத்துச் சோதனைகளில் சிலவற்றில் நன்மை தெரிந்தது. சிலவற்றில் ஒன்றும் தெரியவில்லை. நொதியின் விலையும் மிகுதியாக இருந்தது. அதனால் அம்முயற்சி தளர்ந்தது.

1990களில் நொதி ஆக்கும் செலவு குறைந்தபின் ஆராய்ச்சி மீண்டும் தழைத்தது. கனடாவின் லெத்பிரிட்ஜ் ஆராய்ச்சி நிலையத்தில் கேரன் பூஷ்மன் என்ற அம்மையாரும் அவருடைய குழுவினரும் செய்த பணி இத்துறையில் குறிப்பிடத்தக்கது. 1995இல் அவர்கள் வெளியிட்ட ஒரு சோதனையில், குதிரைமசால் உலர்புல்லில் நொதி தெளித்துக் கொடுத்தபோது இளங்காளைகளின் எடை கூடும் வேகம் 24 முதல் 30 விழுக்காடு உயர்ந்தது. திமோதி என்னும் உலர்புல்லில் 36 விழுக்காடு உயர்ந்தது. ஆனால் அதற்கு மிகுந்த அளவு நொதி தேவைப்பட்டது. வாற்கோதுமைப் பயிரைக் குழியிலிட்டுப் பதப்படுத்திய ஈரத் தீவனத்திலோ நொதியால் ஒரு மாற்றமும் விளையவில்லை.

இம்முடிவு சிந்தித்தற்குரியது. நொதி ஒன்றே, தெளித்தவர்களும் அவர்களே. தீவனம் மாறியபோது பலனும் மாறிவிட்டது. ஒருவகைப் புல்லுக்குச் சிறிதளவே போதுமாயிற்று. மற்றொன்றுக்கு மிகுதி வேண்டியதாயிற்று. இன்னொன்றில் எவ்வளவு இட்டும் பயனில்லை. 'அளவு கூடினால் பலன் கூடும்' என்ற எண்ணம் இங்கே செல்லாது. பூட்டுக்கேற்ற சாவி என்று பிஷர் கூறிய உவமை தொழுவத்திலும் உண்மையாகிறது.

கறவைப் பசுக்களின் நிலை என்ன? அமெரிக்காவின் புளோரிடாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அடெசோகன் குழுவினர், முன்னர்ப் பலர் செய்த சோதனைகளைத் திரட்டிக் கணக்கிட்டு 2017இல் ஒரு தொகுப்பாய்வு வெளியிட்டனர். நார்ச்சிதைவு நொதி சேர்த்த பசுக்களில் நாரின் செரிமானம் சுமார் 2 விழுக்காட்டுப் புள்ளி உயர்ந்தது. பால் சராசரியாக நாளொன்றுக்கு ஒரு கிலோவிற்குச் சற்றுக் குறைவாகக் கூடியது. இது பெரும்பாலும் நன்கு பராமரிக்கப்பட்ட உயர்தரப் பசுக்களிடம் கண்ட கணக்கு என்பதை மறத்தலாகாது. சராசரி என்பதற்குள் மிகுதியாகக் கூடியதும் இருக்கும். சிறிதும் கூடாததும் இருக்கும். எனவே நொதியால் பயனே இல்லை என்பதும் பிழை. பால் இரட்டிப்பாகும் என்பதும் பிழை.

எவ்வாறு துணை செய்கிறது?

பூஞ்சை நொதிகள் பலவும் 50 பாகை செல்சியஸ் வெப்பத்திலும், நல்ல புளிப்பிலும் மிகுந்த வேகத்தோடு செயற்படுபவை. பசுவின் முதல் வயிற்றிலோ வெப்பம் 39 பாகை, புளிப்பும் குறைவு. ஆகவே வயிற்றை அடைந்தபின் அந்நொதி தன் முழு வலிமையோடு செயற்படுவதில்லை. அன்றியும் அது புரதமாதலின் வயிற்று நுண்ணுயிர்கள் அதனையும் உடைத்துத் தின்னத் தொடங்கும்.

இதனாலேயே, நொதியை நீரில் கலந்து தீவனத்தின்மேல் முன்னதாகவே தெளித்து வைக்கும் முறையை ஆராய்ச்சியாளர் பலரும் கைக்கொண்டனர். அவ்வாறு செய்தால் நொதி நாரோடு பற்றிக்கொள்கிறது. அணுச்சுவரில் ஆங்காங்கே சிறு பள்ளங்களை ஏற்படுத்துகிறது. சிறிதளவு சர்க்கரையையும் விடுவிக்கிறது. அச்சர்க்கரை நுண்ணுயிர்களை ஈர்க்கிறது. அப்பள்ளங்கள் அவை ஒட்டுவதற்கு இடமாகின்றன. நாரோடு பற்றிக்கொண்ட நொதி எளிதில் சிதைந்து போவதும் இல்லை. நுண்ணுயிர் தொடங்குவதற்கு ஆகும் காலம் குறைவதால், தீவனம் வயிற்றைக் கடக்குமுன் சற்றுக் கூடுதலான நார் உணவாகிறது. நொதி நுண்ணுயிரின் இடத்தைப் பிடிப்பதில்லை. அதற்கு வாயில் திறந்து விடுகிறது.

கன்று ஈன்ற முதல் மாதங்களில் பசு தான் தின்பதால் பெறும் ஆற்றலினும் மிகுதியான ஆற்றலைப் பாலாகச் சொரிகிறது. அக்காலத்தில் சிறிது கூடுதலாகச் செரித்தாலும் அது பாலில் தெரியும். கறவை வற்றும் காலத்தில் அதே கூடுதல் உடலில் கொழுப்பாகத் தங்கிவிடக்கூடும். பலன் பார்ப்போர் இவ்வேறுபாட்டையும் கருத்திற் கொள்ள வேண்டும்.

நொதி கொடுத்த பசுவின் பாலைக் குடிக்கலாமா என்று கேட்போரும் உண்டு. நொதி, ஊசி வழியே ஏற்றும் ஹார்மோன் போன்றதன்று. தீவனத்திலுள்ள ஏனைப் புரதங்களைப் போலவே அதுவும் பசுவின் வயிற்றில் செரித்துப் போகிறது. கவனம் வேண்டியது குடிப்போர்க்கன்று, கலப்போர்க்கே. நொதித் தூளைத் தொடர்ந்து மூச்சில் இழுத்தால் ஒவ்வாமையும் இளைப்பும் வரக்கூடும். ஆதலின் கலக்கும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுதல் கட்டாயம்.

மலேசியத் தொழுவங்களில்

இனி இச்செய்திகளை மலேசிய நாட்டின் நிலைக்குப் பொருத்திப் பார்ப்போம். தோட்டப்புறத் தமிழர்கள் பால்மரம் சீவியும் செம்பனைக் குலை வெட்டியும் உழைத்ததோடு, கறவை மாடுகளையும் தலைமுறை தலைமுறையாக வளர்த்து வந்தனர். முன்னாளில் இந்தியாவிலிருந்து வந்த மாடுகளின் வழித்தோன்றல்களுக்கு 'உள்ளூர் இந்தியக் கறவை இனம்' என்ற பெயரே இந்நாட்டில் வழங்குகிறது. அவற்றோடு பிரீசியன் கலப்பினப் பசுக்களும் பின்னர்ப் பெருகின.

இந்நாட்டில் மாட்டுக்குக் கிடைக்கும் முதன்மையான தீவனங்களுள் இரண்டை எடுத்துக்கொள்வோம். ஒன்று நேப்பியர் புல். யானைப்புல் என்றும் வழங்குவர். மழையும் வெயிலும் மிகுந்த இம்மண்ணில் அது கண்மூடித் திறப்பதற்குள் ஆளுயரம் வளர்ந்துவிடும். வளர்ந்த அளவைக் கண்டு மகிழ்ந்து, அதனை மேலும் விட்டுவைப்பவர் ஏமாற்றம் அடைவர். முற்றிய தாளில் லிக்னின் ஏறிவிடுகிறது, புரதம் குறைந்துவிடுகிறது. லிக்னினை நொதித் தூள் உடைக்காது என்பதை முன்னரே கண்டோம். ஆகவே முற்றிய புல்லை வெட்டிப் போட்டு அதன்மேல் விலை கொடுத்து நொதியைத் தூவுவதினும், ஆறு முதல் எட்டு வாரத்திற்குள் இளம்பதத்திலேயே புல்லை அறுத்துப் போடுவது செலவில்லாத நன்மை.

மற்றொன்று செம்பனைப் பருப்புப் பிண்ணாக்கு. எண்ணெய் எடுத்தபின் எஞ்சும் இப்பொருள் இந்நாட்டில் ஏராளமாகக் கிடைக்கிறது. அதன் நாரில் பெரும்பகுதி மான்னன் என்ற பொருளாகும். கோழிக்கு அதனைச் செரிக்க இயலாது; எனவே மான்னனை உடைக்கும் மான்னனேஸ் என்னும் நொதி கோழித் தீவனத்தில் பயன்படுகிறது. பசுவின் வயிற்று நுண்ணுயிர்களோ மான்னனைத் தாமே உடைக்கின்றன. பனைப் பிண்ணாக்குக்கென்று விற்கும் நொதியைப் பசுவுக்கு வாங்குவோர் இவ்வேறுபாட்டை எண்ணிப் பார்ப்பது நன்று.

வெப்பமும் ஈரமும் மிகுந்த நாட்டில் நொதியைக் காப்பதும் ஒரு கடமை. வெயில் படும் தகரக் கொட்டகையில் கிடந்த தூள், பையில் எழுதிய வலிமையோடு இருக்கும் என்று நம்ப இயலாது. தீவனத்தைக் குச்சிகளாக அழுத்தும் ஆலைகளில் நீராவியின் சூட்டினாலும் நொதி கெடுவதுண்டு. மேலும் வெவ்வேறு நிறுவனங்கள் நொதியின் வலிமையை வெவ்வேறு முறைகளால் அளந்து எழுதுகின்றன. ஒரு பையில் உள்ள எண் பெரிது, மற்றொன்றில் உள்ளது சிறிது என்பதை மட்டும் கொண்டு தரம் தேர்தல் கூடாது.

சோதித்துத் தெளியும் முறை

நொதி கொடுத்த மறுவாரம் பால் கூடியது. ஆகவே நொதியால்தான் கூடியது என்று முடிவு செய்பவர் பலர். கன்று ஈன்ற பசுவின் பால் ஆறு முதல் எட்டு வாரம் வரை தானாகவே ஏறும். மழை பெய்து புல் தளிர்த்தாலும் ஏறும். வெக்கை தணிந்தாலும் ஏறும். காரணத்தை ஆராயாமல் நொதிக்குப் புகழ் கொடுத்தால், அது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகும்.

நேரிய முறை கடினமானதன்று. ஏறத்தாழ ஒரே காலத்தில் கன்று ஈன்ற மாடுகளை இரு பகுதியாகப் பிரிக்க வேண்டும். எல்லாவற்றிற்கும் ஒரே புல்லும் ஒரே அடர்தீவனமும் தந்து, ஒரு பகுதிக்கு மட்டும் மூன்று வாரம் நொதி கொடுக்க வேண்டும். அடுத்த மூன்று வாரம் முன்னர்ப் பெறாத பகுதிக்குக் கொடுத்து, பெற்ற பகுதிக்கு நிறுத்த வேண்டும். நாள்தோறும் ஒவ்வொரு மாட்டின் பாலையும் அளந்து ஏட்டில் குறித்துவர வேண்டும். மாற்றத்திற்கு வயிறு பழகும் முதல் வாரத்தை நீக்கிவிட்டு மற்ற நாள்களின் சராசரியை ஒப்பிட்டால் உண்மை விளங்கும். கூடிய பாலின் விலையிலிருந்து நொதியின் விலையைக் கழித்துப் பார்க்கும் எளிய கணக்குத் தெரிந்த பள்ளிப் பிள்ளைகளே இதில் பெற்றோருக்குத் துணை செய்யலாம். அரை லிட்டர் கூடினும் அதன் விலை அன்றாட நொதிச் செலவைத் தாண்டவில்லையெனில், பால் பெருகியும் குடும்பத்திற்குப் பயனில்லை.

இச்சோதனைக்கு முன்னரே செய்ய வேண்டியவை சில உள. பாலில் நூற்றுக்கு 87 பங்கு நீர். ஒரு லிட்டர் பாலுக்கு ஏறக்குறைய 4 லிட்டர் நீர் பசுவுக்குத் தேவை. தூய நீர் எந்நேரமும் கிடைக்கிறதா? வெயிலிலிருந்து ஒதுங்க நிழலும் காற்றும் உண்டா? புல் இளம்பதத்தில் கிடைக்கிறதா? அசைபோடுவதற்குப் போதிய நார் இருக்கிறதா, அன்றி அடர்தீவனமே மிகுந்து வயிறு புளித்துக் கிடக்கிறதா? இவ்வினாக்களுக்கெல்லாம் ஆம் என்று விடை சொல்லத்தக்க தொழுவத்தில்தான் நொதி தன் சிறு துணையைச் செய்ய இயலும். இவை குறைந்த இடத்தில் நொதிக்குச் செலவிடும் பணம், ஓட்டைக் குடத்தில் வார்த்த நீராகும்.

ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும் என்பர் நம் மக்கள். ஒவ்வொரு பசுவின் இயல்பையும் அறிந்து நடத்தல் வேண்டும் என்பதே அதன் கருத்து. ஒரே நொதி ஒரு புல்லில் பயன் தந்து மற்றொன்றில் பயன் தராமற் போவதைக் கண்ட ஆராய்ச்சியும் இதனையே கூறுகிறது. பசுவின் வயிற்றில் இரவும் பகலும் உழைக்கும் நுண்ணுயிர்களுக்கு நல்ல புல்லும் நீரும் முதலில் கிடைக்கட்டும். அதன்பின்னும் எஞ்சும் நாரைப் பயன்படுத்த விரும்புவோர், அளந்தும் குறித்தும் சோதித்து, தம் தொழுவத்திற்குப் பொருந்துமெனில் நொதியை வாங்குவார்களாக.